பாதம் மட்டும் மெலிந்த கால்கள்

என் மகள் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரைக்கும் நின்றுகொண்டே செய்கிற வேலை. போன வருஷம் லெந்து என்கிற நாற்பது நாள் நோன்புக் காலத்தில், ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டாள். கூட வேலை பார்க்கிற பெண் போனில் கூப்பிட்டு, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம், பயப்பட வேண்டாம் என்றாள். நான் பஸ் பிடித்துப் போனேன்.

கடையின் பின்பக்கம் துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சேலைக்குக் கீழே கால்கள் மட்டும் எப்போதும் போல் தடித்துக் கிடந்தன. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நேற்று மத்தியானம் குடித்த கஞ்சித்தண்ணீர் என்றாள்.

அந்தக் கால்களுக்காகத்தான் அவள் சோற்றை விட்டிருந்தாள். பெரியவளான காலத்திலேயே அவளுக்குத் தொடையும் கெண்டைக்காலும் கொஞ்சம் பருமன். இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு அது கூடிக்கொண்டே போயிற்று. சாயங்காலம் ஆனால் கால் முழுக்கப் பல்வலிபோல ஒரு வலி. பிள்ளை மடியில் ஏறி மிதித்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். கட்டில் முனையில் லேசாக இடித்தாலும் தோல் நீலம் பாரித்து வெகுநாள் கிடக்கும்.

அவளுடைய மாமியார் கெட்டவள் இல்லை. மகன் துபாயில் இருக்க, மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறவள்தான். ஆனால் நாக்கு சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரிகள் இருக்கும்போதே, அடுக்களையில் வாய் அசைந்துகொண்டே இருந்தால் கால் எப்படி மெலியும் என்பாள். மேலே கிளி, கீழே ஆனை என்று ஒருநாள் சொல்லி எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் உபவாச ஜெபம் உண்டு. முதலில் அவள் அந்த ஒரு நாள் பட்டினி இருந்தாள். பிறகு புதனும் சேர்ந்தது. லெந்து வந்ததும் எல்லா நாளும் ஒரு வேளைதான் என்று ஆக்கிக்கொண்டாள். உபவாசம் இருக்கிறவளைப் பார்த்து சாப்பிடு என்று எங்களில் யாரும் சொல்லமாட்டோம். இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று சபைப் பெண்கள் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடையின் பின்பக்கம் அவளைப் பார்த்தபோதுதான் அவள் எதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள் என்று விளங்கியது.

எனக்கும் அதே கால்தான். என் காலத்தில் இதை யானைக்கால் என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் தடித்த காலைக் கண்டால் முதலில் வாயில் வருவது அந்தப் பெயர்தான். வருஷந்தோறும் வீட்டுக்கு வந்து கொடுக்கும் யானைக்கால் மாத்திரையை ஊரில் பாதிப்பேர் கொல்லையில் எறிவார்கள். நான் ஒன்றுவிடாமல் விழுங்கினேன். வர்ம ஆசானிடம் உழிச்சலுக்கும் போனேன். எலும்பு முறிவுக்கு அவரைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். என்னை அவர் தொடவில்லை. அவர் மனைவிதான் எண்ணெய் விட்டு அழுத்தி உழிந்தாள். மறுநாள் கால் முழுக்கக் கருநீலம். ஆசான் அதைக் கேட்டுவிட்டு, இது நமக்குள்ள கேசு இல்லை என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார். அதற்குப்பிறகு சேலையைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டிக்கொண்டேன். சபையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போனால் கடைசி ஆளாகப் போய் முழங்கால் போடுவேன், எழும்பும்போது பின்னால் யாரும் இருக்கக்கூடாது என்று. என் காலை நான் யாருக்கும் காட்டியதில்லை. வலிக்கிறது என்று மகளிடமும் சொன்னதில்லை.

மகள் கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு, நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டர் பார்த்துச் சரியாக்கியிருந்தார். மயங்கி விழுந்த அந்த வாரமே அந்தப் பெண் எங்களை அங்கே கொண்டுபோனாள். நான் வெளியில் பெஞ்சில் இருந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் நர்சு வந்து, உங்களையும் டாக்டர் உள்ளே கூப்பிடுகிறார் என்றாள்.

உள்ளே மகள் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். டாக்டர் அவள் கணுக்காலைக் காட்டினார். ரப்பர் வளையம் போட்டதுபோல் தடிப்பு அங்கே வந்து நின்றிருந்தது. அதற்குக் கீழே பாதம் ஒல்லியாக, சின்னப்பிள்ளை பாதம் போல. யானைக்கால் என்றால் பாதமும் வீங்கும், பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் என்றார். இங்கே இரண்டும் ஒன்றுபோல. விரலால் அமுக்கினால் குழி விழவில்லை, வலி மட்டும் வந்தது. தோலுக்கு அடியில் பயறுமணிபோல ஏதோ உருண்டது. இவ்வளவு நாளில் அந்தப் பாதத்தை நான் பார்க்காமலா இருந்தேன்? பார்த்தும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

இது லிப்பிடீமா என்கிற நோய், பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், பெரியவளாகும்போதோ பிள்ளை பெறும்போதோ மாதவிடாய் நிற்கும்போதோ கூடும், தாய்வழியாகவும் தகப்பன்வழியாகவும் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். பட்டினி கிடந்தால் மேலே உள்ள சதைதான் வற்றும், இந்தக் கொழுப்பு அசையாது என்றும் சொன்னார்.

மகள் கேட்டாள், "அப்போ நான் தின்னு வந்தது இல்லியா?"

"இல்லம்மா. நீங்க தின்னு வரவச்சது இல்ல."

அவள் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டல் எனக்குத் தெரியும், வெளியே போனதும் மறுபடி பட்டினி கிடக்கிற ஆட்டல். டாக்டர் என்னிடம் திரும்பி, உங்கள் காலையும் பார்க்கலாமா என்று கேட்டார். நர்சு கதவைச் சாத்தினாள். நான் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

முழங்காலுக்கு மேல் சதை மடிந்து தொங்கும். தோல் மேடும் பள்ளமுமாக இருக்கும். டாக்டர் முகம் மாறாமல் குனிந்து என் பாதத்தின் மேல் அமுக்கினார். அங்கே குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. வெகுநாள் ஆனதால் நிணநீரும் தேங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். மகள் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து என் காலைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் நோவுமா அம்மா?"

"நோவும் மக்கா."

வைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அளவெடுத்து வாங்கின இறுக்கமான நீளக் காலுறை. படுக்கையை விட்டு எழும்பும் முன்னே போடவேண்டும். மேமாத வெயிலில் அது ஒரு தண்டனை. தோலை இறகால் தடவுவதுபோல் மேல்நோக்கித் தடவ டாக்டரிடம் வேலை பார்க்கிற ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். உழிச்சலின் அழுத்தம் கொஞ்சமும் கூடாது. பிறகு தண்ணீருக்குள் நடப்பது. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு எங்கள் ஊர்க் குளத்துக்கு அக்கரையில்தான். காலையில் பெண்கள் குளிக்கிற கடவில் இறங்கி, நைட்டியோடு நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு பேரும் அங்கும் இங்கும் நடந்தோம். தண்ணீர் காலைச் சுற்றிலும் ஒரே அளவாய்ப் பிடித்துக்கொள்ளும்போது வலி இருப்பதே தெரியாது. துணி அலசுகிறவர்கள், தாயும் மகளும் நீச்சல் போட்டிக்கா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ஆனால் அவள் சாப்பிடவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தும், வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் மாமியாரின் கண் அவள் கையிலேயே இருந்ததாம். ஒருநாள் தண்ணீருக்குள் அவள் உடம்பு நடுங்கி, உதடு வெளுத்து, என் தோளில் சாய்ந்துவிட்டாள். இழுத்துப் படியில் உட்காரவைத்தேன். ஈரத்தோடு அவளைக் கைத்தாங்கலாக அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அந்த வீட்டில் நான் வாயைத் திறந்து பேசியது குறைவு. போனால் ஒரு ஓரத்தில் இருந்து, காப்பி தந்தால் குடித்துவிட்டு வருவேன். அன்றைக்கு அடுக்களை வாசலில் நின்றேன். மாமியார் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, இவ பட்டினி கெடந்து காலு வத்தாது. உசிருதான் வத்தும்."

"அதுக்கு நான் சோறு கொடுக்காமலா வச்சிருக்கேன்?"

"கொடுக்குதீங்க. நீங்க சொல்லுத சொல்லுல அவ எடுக்க மாட்டேங்கா. இது தின்னு வந்த தடி இல்ல சம்பந்தி. எனக்க காலு. எனக்கிட்ட இருந்து போனது. ஏசணும்னா என்னை ஏசுங்க."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மாமியார் புட்டைக் குழலிலிருந்து தட்டில் தள்ளினாள், பயறு கோரி ஊற்றினாள், ஒரு பப்படத்தை மேலே வைத்தாள். தட்டை மகள் முன்னால் வைத்துவிட்டு அவளுக்கு முதுகு காட்டி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண் மேலே படாமல் சாப்பிடட்டும் என்றுதான் அப்படி நின்றாள் என்று எனக்குத் தோன்றியது.

"தலையத் துவட்டிட்டுத் தின்னுட்டீ," என்று அடுப்பிடம் சொன்னாள். "ஜன்னி பிடிக்கப்போவுது."

மகள் துவட்டவில்லை. ஈரத் தலையோடே புட்டைப் பயறில் பிசைந்து சாப்பிட்டாள். முடியிலிருந்து தண்ணீர் தட்டில் சொட்டியது.

அவள் கால் மெலியவில்லை. வலி குறைந்திருக்கிறது, நீலம் பாரிப்பது குறைந்திருக்கிறது. கடையில் கேட்டு ஒரு ஸ்டூல் வாங்கியிருக்கிறாள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனும் உண்டு, தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு இதற்குமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு இப்போதும் வருகிறாள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள், அதைக் கேட்கிறவர்களிடம் சொல்லவும் செய்கிறாள்.