ஊரில் இல்லாத லெயோகாடியா

எங்கள் ஊர் நீதிமன்ற அமீனா எலாடியோ பொலாங்கோவுக்குச் சட்டம் என்றால் உயிர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்துப்பட்டையைத் தளர்த்த மாட்டார். எதிர்ப்படுகிறவர் யாரானாலும் 'குடிமகனே' என்றுதான் அழைப்பார். பெற்ற பிள்ளைகளுக்கும் அதே மரியாதைதான்.

சட்டை ஆலை முதலாளி கப்ரால் மஞ்சள் கடுதாசி கொடுத்ததும் அமீனாவுக்குக் கொண்டாட்டம். ஆலைச் சொத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதை விற்றுப் பங்கு போடுமுன் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் நேரில் அறிவிப்புத் தர வேண்டும். கெடுவுக்குள் உரிமை கோராதவருக்குப் பட்டை நாமம்.

ஆலைக் கணக்கில் இருந்தவை அடையாள அட்டைப் பெயர்கள். எங்கள் ஊரிலோ அந்தப் பெயர் பாதிரியாருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் போதும். 'ஒல்லி' என்பவர் பஸ்ஸில் இரண்டு பேர் இடத்தை அடைப்பார். பட்டப்பெயர் சொல்லி விசாரிப்பது பதவிக்கு இழுக்கு என்பது அமீனாவின் கொள்கை. "லெயோகாடியா உப்ரி வீடு எது?" என்று பட்டியலில் இருந்தபடியே தெருத்தெருவாகக் கேட்டார். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

களைத்துப்போய், வழக்கம்போல முன்யேகாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார். முன்யேகா என்றால் பொம்மை. சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, ஆட்டுக்கறி எல்லாவற்றையும் வெளுத்துக்கட்டினார். பானை அடியில் பிடித்த மொறுமொறு சோற்றை அவருக்கென்று அவள் சுரண்டி வைத்திருந்தாள். அதையும் ஒரு கை பார்த்தார். பிறகு அதே மேசையில் காகிதத்தை விரித்து, 'மேற்படி நபர் இவ்வூரில் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். அடடா, என்ன கடமை உணர்ச்சி!

ஆலை தரும் என்ற பேச்சில் அதன் தொழிலாளிகளுக்கு மாதக்கணக்கில் கடனுக்குச் சோறு போட்டவள் முன்யேகா. அந்தப் பணம் வராவிட்டால் அரிசிக்காரன் இனி மூட்டை இறக்க மாட்டான்; கடையை மூட வேண்டியதுதான். அமீனா தினமும் வருகிறவர்தானே, தன் காகிதத்தையும் கொண்டுவருவார் என்று பாவம் காத்திருந்தாள். கெடு முடிந்த மறுநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"பட்டியல்ல முன்யேகான்னு யாரும் இல்லையே, குடிமகளே."

"அது எங்கப்பா கூப்பிட்ட பேரு. அட்டையில லெயோகாடியா."

அமீனா சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

தாமதமான கோரிக்கையை ஏற்க ஒரே வழிதான் உண்டு: தவறு தன்னுடையது என்று அமீனாவே நீதிபதி முன் சொல்ல வேண்டும். அப்பழுக்கில்லாத சேவைக்கென்று அந்த வருடம்தான் அவருக்குப் பதக்கம் தருவதாக இருந்தார்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். சட்டத்துக்கும் காய்ச்சல் வரும் போலிருக்கிறது. ஆனாலும், சொல்லத்தான் வேண்டும், எழுந்து போனார்.

"இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியும் ஐயா. வருஷக்கணக்கா இவங்க கையாலதான் சாப்பிடுறேன்."

எழுத்தர் சிரித்துவிட்டார். கோரிக்கை ஏற்கப்பட்டது. பதக்கம் வேறொருவர் மார்புக்குப் போனது.

வெளியே வந்ததும் அமீனா குரலைத் தாழ்த்தி, பெயர் தெரியாமல் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றார்.

"பேரு தெரியாததுல எனக்கு வருத்தமில்ல, அமீனா. ஊரெல்லாம் கேட்டீங்களே, என்கிட்ட மட்டும் கேக்கலையே. சோறு போடுறவகிட்டக் கேக்க என்ன இருக்குன்னு நெனச்சீங்க, இல்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் காத்திருக்கவில்லை. மத்தியானச் சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.