மூன்று தடியரும் நாலாவது ஆளும்

என் கூடப்பிறந்த தங்கச்சி, தன் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச என்னை எப்படி அழைத்தாள் தெரியுமா?

வாட்ஸ்அப்பில்!

அதுவும் தனியாக இல்லை. குடும்பக் குரூப்பில். டொரொன்டோவில் இருக்கிற, முகமே மறந்துபோன தூரத்துச் சொந்தங்கள் வரை எல்லோருக்கும் ஒரே கார்டு... அதில் நானும் ஒருவன்.

இதன் பொருளை எங்கள் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி, இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துச் சொல்லிவிட்டுப் போனால்தான் அது அழைப்பு. சொந்த அண்ணனுக்கென்றால் முதல் ஆளாகச் சொல்ல வேண்டும். போனில் சொன்னாலே முகம் சுருங்கும். குரூப்பில் கார்டு போட்டால் வந்தால் வா, வராவிட்டால் போ என்று அர்த்தம்.

"பாத்தியளோ?" என்று மனைவி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உங்கட தங்கச்சிக்கு லொங்குய்ய்க்கு வர வழி தெரியேல்லையாம்."

நாங்கள் இருப்பது லொங்குய்யில்; அவள் வீடு வாங்கியிருப்பது பக்கத்து ஊரான புரோசார்டில். வழி தெரியாமல் இல்லை. கோபம்!

காணித் தகராறா? சீதனப் பிரச்சினையா? ஒன்றுமில்லை. என் மகள் முன்வரிசையில் நான்கு பேருக்குப் பதிலாக மூன்று பேரை நிறுத்தினாள். அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

என் மகள் ஆரணி பகலில் உடற்பயிற்சி ஆசிரியை. மாலையில் இங்கே ஆற்றின் தென்கரையில் உள்ள ஒரு கல்லூரியின் ஃபுட்போல் அணிக்குக் கோச். காலால் உதைக்கிற ஃபுட்போல் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு மாடுகள் மாதிரி மோதுவார்களே... அது. பந்து வைத்திருக்கிற அணி மூன்று முயற்சிக்குள் பத்து யார், அதாவது பத்துக் கெஜம், முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. அந்த முன்னேற்றத்தை, முதல் ஆளாக நெஞ்சைக் கொடுத்துத் தடுக்கிற வரிசைக்கு டிஃபென்ஸிவ் லைன் என்று பெயர். ஆரணி அந்த வரிசைக்கு மட்டும் கோச்.

"பொம்பிளைப் பிள்ளை எப்பிடி அந்தத் தடியன்களை மேய்க்கிறாள்?" என்று கோயிலில் கேட்பார்கள். ஒரு நாள் பயிற்சிக்கு வந்து பாருங்கள். அவள் விசிலை வாயில் வைத்தால் நானே நிமிர்ந்து நிற்பேன்.

அந்த வரிசையில்தான் என் மருமகன் நிரூஷனும் இருக்கிறான். தங்கச்சி வதனாவின் ஒரே மகன். ஓரத்தில் நிற்பான். ஒல்லி, ஆனால் வேகமென்றால் வேகம். போன வருடம் எதிரணியில் பந்து எறிகிறவனை அடிக்கடி விழுத்தி, அறிவிப்பாளர் வாயில் அவன் பெயர் நிற்காமல் உருண்டது. ஒவ்வொரு தடவையும் வதனா எழும்பி நின்று, பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரத் தாய்மாருக்கு "மை சன்! மொன் ஃபிஸ்!" என்று இரண்டு பாஷையில் அறிவிப்பாள்.

இந்த வருடம் பாருங்கள், பாரமான பிள்ளைகளில் ஒருவன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். இன்னொருவனுக்கு முழங்கால் போய்விட்டது. பின்னால் நின்று ஓடித் தடுக்கிற பிள்ளைகளோ தாராளம். ஆரணி யோசித்தாள். முன்னால் நான்கு பேர் வேண்டாம். மூன்று பேர் போதும், ஓர் ஆளைக் கூடுதலாகப் பின்னால் வைப்போம் என்று முடிவெடுத்தாள். ஆனால் அந்த மூன்று பேரும் மலை மாதிரி இருக்க வேண்டும். ஒருவனை இருவர் தள்ளினாலும் அசையக் கூடாது. நடுவில் சாமுவேல் என்று ஒரு பிள்ளை. ஹெயிட்டிக் குடும்பம், கதவை அடைக்கிற உடம்பு, குழந்தைச் சிரிப்பு. அவனுக்கு இரு பக்கமும் இன்னும் இரண்டு தடியர்.

நிரூஷன்? வெளியே. எதிரணிக்கு இரண்டாவது முயற்சியில் நிறைய யார் மிச்சமிருந்தால், அவர்கள் பந்தை எறிந்தே ஆக வேண்டும். அப்போது மட்டும் நாலாவது ஆளாக உள்ளே வருவான். எறிகிறவனைத் துரத்துவான். திரும்பவும் வெளியே.

வதனா போன் எடுத்தாள்.

"அண்ணை, உங்கட மகள் என்ர பிள்ளையை விளையாட விடாம வாங்கில இருத்தி வச்சிருக்கிறாளாம். உண்மையோ?"

"வதனா, அது ஒரு திட்டம் பிள்ளை..."

"என்ன விசர்த் திட்டம்? ஆரோ எவரோ கோச்சா இருந்தா நான் கேப்பனே? சொந்த மாமன்ர மகள் கோச்சா இருந்தும் என்ர பிள்ளை வெளியால நிக்கிறதோ? அப்ப சொந்தம் எண்டு இருந்து என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்விதானே, எங்கள் கணக்கில்? எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நாங்கள் முதலில் கேட்பது என்ன? "அங்க எங்கட ஆள் ஆரும் இருக்கினமோ?" கராஜில் எங்கட ஆள். பிள்ளை பராமரிக்கிற கார்டரியில் எங்கட ஆள். கோயிலில் அன்னதான வரிசையில்கூட எங்கட ஆள் கரண்டியோடு நின்றால் ஒரு வடை கூட விழும். இங்கே எங்கட ஆள் விசிலோடு நிற்கிறாள்... வடை விழவில்லை.

நானும் சும்மா இருந்தேனா? தங்கச்சி அழுதால் எனக்குத் தாங்காது. ஆரணி சாப்பிட வந்தபோது மெல்லத் தொடங்கினேன்.

"ஒரு நாலைஞ்சு நிமிசம் கூட விட்டா என்ன குறையப்போகுது பிள்ளை?"

அவள் புட்டைப் பிசைந்த கையை நிறுத்தினாள். "அப்பா, நீங்கள் கிழமைக்கொருக்காப் பேப்பரில நியாயம் எழுதுறியள். வீட்டுக்குள்ள வந்து இப்பிடிக் கேக்கிறியள்."

சுரீரென்றது!

"மாமி பாவம் எண்டுதான்..."

"அவன் என்ர மச்சான் எண்டு டீமில எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் சும்மா விட்டன் எண்டு வையுங்கோ. பேந்து அவன் எவ்வளவு நல்லா விளையாடினாலும் 'கோச்சின்ர சொந்தக்காரன்' எண்டுதான் சொல்லுவினம். அது எனக்குக் கூடாது எண்டு இல்லை அப்பா. அவனுக்குத்தான் கூடாது." பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "மூண்டு பேர் காணுமோ எண்டு பெரிய கோச்சுக்கும் சந்தேகம். சரிவராட்டி என்னைத்தான் கேப்பினம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மகளை மாமியின் மருமகளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அவள் தனியாக ஒரு முடிவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

அடுத்த நாள் பயிற்சி முடிந்து நிரூஷனைக் காரில் ஏற்றினேன். மைதானத்தில் அவளைக் கோச் என்பான், காருக்குள் ஏறியதும் மச்சாள்.

"மாமா, மச்சாள் எனக்கு முதலே சொல்லிட்டா. எனக்குக் கோவம்தான். ஒவ்வொரு மட்ச்சும் இப்ப கூப்பிடுவா, இப்ப கூப்பிடுவா எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது லேசில்லை. ஆனா சாமுவேலை ரண்டு பேர் தள்ளினாலும் நிப்பான். என்னை ரண்டு பேர் தள்ளினா நான் லொங்குய்ய் மெட்ரோவில போய்த்தான் விழுவன். இதை அம்மாவுக்கு ஆர் விளங்கப்படுத்துறது?"

யாராலும் முடியவில்லை. அதன் பிறகுதான் அந்த வாட்ஸ்அப் கார்டு.

வாசகர்களே, அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வதனாவும் புருஷனும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் எத்தனையோ வருடம் இருந்தவர்கள். அவர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்கினார். இவள் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். அப்படிச் சேர்த்து வாங்கிய முதல் வீடு. அந்த அடுப்பில் முதல் பால் பொங்கும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பிறகென்ன அண்ணன்? ஆனால் அவள் வந்து சொல்லாமல் நான் எப்படிப் போவது? மனைவி விடமாட்டாள். என் மனமும் விடவில்லை.

இந்த நிலையில் அரையிறுதி ஆட்டம் வந்தது. விறைக்கிற குளிர். வதனா வந்திருந்தாள், பார்வையாளர் படிக்கட்டின் மறுமுனையில் கம்பளிச் சால்வையும் தேத்தண்ணிப் போத்தலுமாக. என் பக்கம் தலை திரும்பவேயில்லை.

நிரூஷன் மைதானத்துக் கரையில் நின்றான். நின்றான். நின்றுகொண்டேயிருந்தான். வதனாவுக்குப் பொறுக்கவில்லை. எழும்பினாள்.

"ஆரணி! உனக்குக் கண் தெரியேல்லையோ? ஆரணி!"

சுற்றியிருந்த கியூபெக் தாய் தகப்பன்மாருக்குத் தமிழ் தெரியுமா? பெயர் மட்டும் தெரியும். ஓர் அம்மா கோச்சை உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கென்று கொண்டுவந்த மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு "ஆ-ர-ணி! ஆ-ர-ணி!" என்று கூட்டமே கத்தத் தொடங்கியது. என் தங்கச்சி திட்டப் போய் என் மகளுக்கு ஊர்வலம் எடுத்துவிட்டாள். தங்கச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் ஒன்று... அந்த மூன்று தடியரும் அன்று சுவர். எதிரணிக்காரர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவால் ஓடி ஓடி மோதினார்கள். சாமுவேல் அசையவில்லை. சற்றுத் தள்ளி ஓடினால், பின்னால் கூடுதலாக நின்ற பிள்ளை வந்து கவ்விக்கொண்டான். ஆரணியின் திட்டம் என் கண்ணுக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

கடைசி நேரம். நாங்கள் நான்கு புள்ளி முன்னால். பந்து எதிரணியிடம். இரண்டாவது முயற்சி, பன்னிரண்டு யார் மிச்சம். ஆரணி கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினாள்.

நிரூஷன் உள்ளே ஓடினான். இளைக்காமல் களைக்காமல், இவ்வளவு நேரமும் நின்ற கால் அல்லவா? பந்து அசைந்ததும் தெரியவில்லை, அவன் ஓரத்தால் வளைந்து எறிகிறவனின் முகத்துக்கு முன்னால் நின்றான். எறிகிறவன் பதறிப்போய்ப் பந்தை எங்கேயோ வீசினான். அது புல்லில் விழுந்தது.

மூன்றாவது முயற்சி. அவர்களுக்கு வேறு வழியில்லை. மறுபடியும் எறிய வேண்டும். இந்த முறை பயத்தில் இரண்டு பேர் நிரூஷனை மறித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் இவனிடம் வந்தால் சாமுவேலுக்கு முன்னால் எத்தனை பேர் மிச்சம்? ஒருத்தன்! சாமுவேல் அவனை ஒதுக்கிவிட்டுப் போய், எறிகிறவனை அப்படியே அள்ளிக் கீழே வைத்தான்.

முடிந்தது. வென்றுவிட்டோம். ஒலிபெருக்கியில் சாமுவேலின் பெயர் முழங்கியது.

"என்ர பிள்ளையின்ர பேரை ஏன் சொல்லேல்லை?" என்று மறுமுனையிலிருந்து ஒரு குரல். யார் என்று சொல்லவா வேண்டும்?

அங்கே மைதானத்தில் நிரூஷன் சாமுவேலின் முதுகில் பாய்ந்து ஏறியிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டான். அவன் பெயரை யாரும் சொல்லவில்லை என்பது அவன் ஞாபகத்திலேயே இல்லை. வாய் காது வரை.

நான் எழும்பி மறுமுனைக்குப் போனேன். வதனா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வை தோளில் இருந்து விழுந்தது தெரியவில்லை.

"அவன் சிரிக்கிறான், அண்ணை" என்றாள்.

பல கிழமைகளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். போத்தலில் மிச்சமிருந்த தேத்தண்ணியை எனக்கு ஊற்றித் தந்தாள்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அதை விடுங்கள்.

அந்தக் கிழமையே வதனாவும் புருஷனும் எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். "வாற ஞாயிறு பால் காய்ச்சுறம். விடியவே வந்திடுங்கோ" என்று எங்களுக்குச் சொன்னாள். பிறகு ஆரணியைப் பார்த்து, "உன்ர மூண்டு தடியன்களையும் கூட்டிக்கொண்டு வா. கோயில்ல இருந்து பெரிய சமையல் கிடாரம் எடுத்திருக்கிறன், இறக்க ஆள் வேணும்" என்றாள். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான்.

போன ஞாயிறு பால் பொங்கியது; வதனாவின் கண்ணும் பொங்கியது. கராஜில் சமையல். பருப்புக் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்க, சாமுவேலும் மற்ற இருவரும் சாக்குத் துண்டுகளோடு சுற்றி நின்றார்கள். தூக்கினார்கள். கிடாரம் ஒரு பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம் பிடிக்க ஆளில்லை. உடனே திரும்ப அடுப்பில் வைத்துவிட்டார்கள்.

நிரூஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். தாய் கூப்பிடுவாள் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வதனா அவனைப் பார்த்தாள். ஆனால் அவனைக் கூப்பிடவில்லை. ஆரணி பக்கம் திரும்பினாள்.

"கோச்," என்றாள், "இப்ப நாலாவது ஆளை உள்ள விடலாமோ?"

ஆரணி நான்கு விரலைக் காட்டினாள்.

பருப்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.