நடவுக்குப் போன ஆறாம் வகுப்பு

நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. டவுன் பிள்ளைகளுக்கு மண்ணைத் தொட்டுப் பழக்கமில்லை, வயலில் இறக்கிப் பாடம் நடத்த வேண்டும் என்று நிர்வாகத்திடம் மூன்று முறை எழுதிக் கேட்டவள் நான்தான். அனுமதி கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூச்சலோடு சேற்றில் இறங்கினார்கள். நடவுக்கு வந்திருந்த நான்கு பெண்கள் நாற்றைப் பிரித்துக் கொடுத்து, விரலால் ஊன்றக் காட்டினார்கள்.

அரசு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் படித்த ஒரு சிறுமி மட்டும் ஓரமாகக் குனிந்து நின்றாள். சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் நட்ட வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாரும் இங்க பாருங்க, எப்படி நடுறான்னு!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் உடனே நாற்றைக் கண்டபடி குத்த ஆரம்பித்தாள். "ச்சீ, சேறு நாறுது" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நல்லாத்தானே நட்டுட்டிருந்த? இப்ப என்ன விளையாட்டு?" என்று அதட்டினேன்.

நடவுப் பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். "பிள்ளைய விடுங்க டீச்சர், பயந்து நிக்குது."

அதற்குள் படம் எடுப்பவர் வந்துவிட்டார். நான் அந்தப் பெண்ணிடம், "அக்கா, கொஞ்சம் அங்கோட்டு மாறி நில்லுங்க. ஃபோட்டோவில பிள்ளைங்க மட்டும் போதும்" என்றேன். அவள் வரப்பேறி நின்றாள்.

பேருந்து திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். நான்கு பேரும் பிள்ளைகள் நட்டதையெல்லாம் பிடுங்கி மறுபடி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். மடிப்புக் கலையாத சேலையில் ஒருத்தி அந்தச் சிறுமியோடு வந்தாள். மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் வரப்புக்கு அனுப்பிய அதே முகம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னத்தச் சொல்லச் சொல்லுதிய? நான் வயல் வேலைக்குப் போறது பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் தெரியாண்டாம்னு அவகிட்ட சொல்லி வச்சதே நான்தான். அதான் என்னைத் தெரியாத மாதிரி நின்னா." குரல் உயரவே இல்லை. "லீவுல எனக்ககூட நடவுக்கு வருவா. இந்தச் சேத்துல இருந்து ஏறிப் போகட்டும்னுதான் இங்க கொண்டு சேத்தேன். நீங்க பஸ்ஸுல ஏத்திக் கொண்டாந்து எனக்க முன்னாலயே இறக்கி விட்டியளே, டீச்சர்."

மதிப்பெண் அட்டையை அவள் பக்கம் நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டாள். "கணக்குல மட்டும் அவள கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று எழுந்து போனாள்.

நிர்வாகத்துக்கு வயல் பயணம் பிடித்துப்போய்விட்டது. மறு வருடம் ஏழாம் வகுப்பையும் சேர்த்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிறுமியின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நூலகத்தில் உட்காரச் சொன்னேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்பு.

புறப்படும் நேரத்தில் என்னிடம் வந்தாள். "நான் ஃப்ரீ சீட்டுங்கிறதாலயா மிஸ்?"

"இல்லம்மா" என்றேன். அவள் அம்மா என்னிடம் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் நம்பவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை என் பாடத்தில் அவள் ஒருமுறையும் கை தூக்கவில்லை.