திருப்பிச் சொல்லச் சொன்ன மும்தாஜ்

"புது மருந்தும் குடுத்துப் பாத்தாங்க மாமி. கேக்கல. மும்தாஜ் போயிட்டா."

அன்று காலை தொலைபேசியில் காதர் இவ்வளவுதான் சொன்னார். மனைவியை இழந்தவருக்கு நான் ஓர் ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவருடைய முதல் வாக்கியம் தவறு, அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பது மட்டுமே மனத்தில் நின்றது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடப்பவர்களை மருத்துவ ஆய்வில் சேர்ப்பதற்கு, வெளியே காத்திருக்கும் உறவினரிடம் சம்மதம் வாங்குவது மும்தாஜின் வேலை. ஆறு ஆண்டுகளுக்கு முன், என் கணவர் வென்டிலேட்டரில் இருந்தபோது என்னிடமும் வந்தாள். எட்டுப் பக்கப் படிவம். படிக்காமலே பேனாவைத் திறந்தேன். படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

"இதுல என்ன இருக்குன்னு ஒங்க வார்த்தையில சொல்லுங்க மாமி. பொறவு போடலாம்."

கான்வென்டில் படித்த என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. அவருக்குப் புது மருந்து தரப் போகிறீர்கள், அவ்வளவுதானே என்றேன்.

"இல்ல. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் எடுத்துப் போடும், டாக்டருக்கே தெரியாது. மருந்து கெடச்சாலும் அது கேக்குமான்னு தெரியாமத்தான் ஆராய்ச்சியே நடக்கு."

மூன்றாவது முறைதான் சரியாகச் சொன்னேன். அதன் பிறகே கையெழுத்து. ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். மருந்து கைவிட்டது என்றோ, நான் தாமதித்தேன் என்றோ ஒரு நாளும் அழ வேண்டியிருக்கவில்லை. அது அவள் எனக்குச் செய்த உபகாரம்.

பிறகு அவளுடைய தமிழ்ப் படிவங்களை மாதுங்காவில் என் வீட்டில் வைத்துத் திருத்திக் கொடுத்தேன். "ஒங்க தமிழ் சுத்தமா இருக்கு மாமி, எங்க தாராவி சந்துல ஒருத்தருக்கும் வெளங்காது" என்று பாதியை அடித்துவிடுவாள். அவளைக் கண்டதும் இளம் டாக்டர்கள் 'மாஸ்டர்னி ஆ கயி', டீச்சரம்மா வந்தாச்சு, என்று இந்தியில் கிண்டல் செய்வார்களாம். ஃபெயிலானவர்களின் கையெழுத்து தனக்கு வேண்டாம் என்பாளாம்.

போன மாதம் நிமோனியா முற்றி, வேறோர் ஆஸ்பத்திரியில் அவளே வென்டிலேட்டரில் படுத்தாள். இரண்டாம் நாள் அங்கே இதே போன்ற படிவத்தைக் கொடுத்தார்கள். காதர் பயந்து கையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள் ஒருவர் வந்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார். காதர் போட்டார். "புது மருந்து வந்திருக்கு மாமி, இனிப் பயமில்ல" என்று என் பக்கம் திரும்பினார்.

அடுத்த நாற்காலியில்தான் இருந்தேன். கேட்க வேண்டியது எனக்குத் தெரியும். கேட்டால் அவர் முகத்தில் வந்த தெளிவு போய்விடும். எனக்கும் அன்று அந்தத் தெளிவு தேவைப்பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தாராவிக்குப் போனேன். தன் பட்டறையில், தைத்து முடிக்காத தோல் பைகளுக்கு நடுவே காதர் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரெண்டு நாள் யோசிக்காம போட்டிருந்தா பொழச்சிருப்பாளோ மாமி? நாந்தான் கொன்னுட்டேனோ?"

படிவத்தில் இருந்ததை முழுவதும் சொன்னேன். தெரிந்திருந்தும் அன்றே நான் வாய் திறக்காததையும் சொன்னேன். பிறகு, உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கும் மூன்று முறை ஆயிற்று.

"அவளுக்கு மருந்தே போகாம இருந்திருக்கலாம்" என்றார். பை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மும்தாஜா இருந்தா அன்னைக்கே கேட்டிருப்பா" என்றார்.

கேட்டிருப்பாள். அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். அவளுக்காகக் கேட்க வேண்டிய நாளில் நான் அதைக் கேட்கவில்லை.