இட்லிப் பெட்டியில் இறால் குஞ்சு

இன்று காலை அடுப்படியில் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. மனைவி துடைத்தபடி என்னைத் திட்டினாள். நான் புளித்த வாடையை முகர்ந்துகொண்டு நின்றேன். கேமரன் மலையில் மாவு தானாகப் பொங்குவதா? எங்கள் காலத்துக் குளிரில் அதற்குக் கம்பளி போர்த்த வேண்டும், நண்பரே.

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் அண்ணன் அண்ணியோடு இருந்தேன். அண்ணன் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கம்பளி விரித்து, குண்டு பல்பு மாட்டி, அண்ணியின் மாவுச் சட்டிக்கென்று கொடுத்திருந்தார். வீட்டில் மனிதர்களுக்கு அந்த வசதி கிடையாது.

நான் தங்கமீன் வளர்த்தேன். தங்கமீன் குளிரைத் தாங்கும். அதன் குஞ்சுக்குத் தீனியான உப்புநீர் இறால் தாங்காது. தானா ராத்தா டவுனில் வளர்ப்புமீன் கடையில் இறால் முட்டை கிடைக்கும், மூக்குப்பொடி மாதிரி. போத்தலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டுக் காற்றுக் குழாய் விட்டு வெதுவெதுப்பாக வைத்தால், மறுநாள் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரிந்து நீந்தும். வெதுவெதுப்புக்கு எங்கே போவது? முந்தைய மீன்குஞ்சுகளுக்கு அவித்த மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் நாறி, ஒன்றுகூடத் தேறவில்லை. மனசே விட்டுப்போயிற்று. தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் இடம் சூடுதான். அங்கே கொண்டுபோய் வைத்தேன். கணக்கெழுதும் கிராணி போத்தலைப் பார்த்துவிட்டு என்னையும் சேர்த்து வெளியே அனுப்பினார்.

மிச்சம் மாவுப் பெட்டி. ஒருதரம் சட்டியோடு போத்தலையும் வைத்தேன். குமிழி வெடித்து உப்புத் தண்ணீர் மாவில் தெறித்தது. அண்ணி சில நாள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டார்.

அடுத்த மீன்குஞ்சுகள் நீந்தத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை. மறுநாள் தீனி இல்லாவிட்டால் செத்துவிடும். அன்றைக்குப் பார்த்து, மாதாகோயிலில் ஞாயிறு காலைப் பூசை முடிந்து அண்ணியின் அண்ணன் குடும்பம் பசியாற வருவதாகச் செய்தி. அண்ணி மாவரைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தார். நான் போத்தலைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி பார்த்தார். பெட்டியிலிருந்து சட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

“உள்ள வை லா, தம்பி. அதுக்குப் பசிச்சா சொல்லத் தெரியாது. எங்கண்ணனுக்கு வாய் இருக்கு, கேட்டுக்குவாரு.”

ஞாயிறு காலை இட்லி தட்டையாக வந்தது. அண்ணியின் அண்ணன் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, தோசையா என்று கேட்டார். அண்ணி ஆமாம் என்றார். தொட்டியில் குஞ்சுகளின் வயிறெல்லாம் ஆரஞ்சாக நிறைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இட்லிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த லைனை இடித்துவிட்டார்கள். அந்தக் குளிரும் இல்லை. அண்ணி ஈப்போவில் மகனோடு இருக்கிறார். மாவு பொங்கிய கதையைப் போனில் சொன்னேன்.

“அப்ப திரும்ப மீனு வளக்கலாமே, தம்பி,” என்றார்.

வளர்க்கலாம். இப்போது போத்தலை எங்கே வைத்தாலும் பொரியும். எனக்காக யாரும் மாவுச் சட்டியை வெளியே எடுக்க வேண்டியதில்லை.