பாஸ்டர் கணக்குக் கொடுத்த ஞாயிறு

சகோதர சகோதரிகளே, இது கைதட்டிக் கேட்கிற சாட்சி அல்ல. என் கணவருக்கு இப்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் செவன் ஹில்ஸ் பகுதியில் வேலைக்குப் போய்வந்தார். போன ஈஸ்டருக்கு முந்திய உபவாசக் கூட்டத்தில் எங்கள் பாஸ்டர் அவர் தலையில் கைவைத்தார். "கர்த்தர் சுகம் தந்திட்டார், இனி ஊசி வேண்டாம்" என்றார். அடுத்த ஞாயிறே இவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தார்கள். சபையே எழும்பி நின்று அல்லேலூயா சொன்னது. நானும் சந்தோஷத்தில் அழுதேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டார்.

எங்கள் சபையில் சாட்சி சொன்னவர் அதைத் திருப்பி எடுப்பதில்லை. குளிர்காலத்தில் சப்பாத்து உரசி அவர் காலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆறவில்லை. மணக்கத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ, ஊசியைப் போடுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"சபைக்கு முன்னால சொல்லிப்போட்டன். இப்ப போட்டா கர்த்தரைப் பொய்யராக்கிறதெல்லே?"

பாஸ்டருக்குப் போன் எடுத்தேன். "அவற்ற விசுவாசத்தைக் கெடுக்காதேங்கோ அக்கா" என்று வைத்துவிட்டார்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. ஆண்டவர் எங்களைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். கடைசியில் கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, இவரை உயிரோடு தாரும். ஆடுகளுக்காக மேய்ப்பனிடம் கணக்குக் கேட்பவர் நீர்தானே? கேளும்!"

அந்தக் கிழமையே அவர் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். காலை எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று டொக்டர்மார் சொன்னார்கள். எடுத்தார்கள். நான் கேட்ட உயிர் கிடைத்தது. நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாஸ்டர் ஜெப எண்ணெய்க் குப்பியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். குப்பியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்து விம்மினார்.

"அண்ணை, கர்த்தர் எனக்கு அப்பிடிச் சொல்லேல்ல. நான்தான் சொன்னனான்."

என் கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிறு பாஸ்டர் மேடை ஏறவில்லை. கீழே எங்களுக்கு முன்னால் நின்று அதையே சொன்னார். "இந்தக் காலுக்கு நான் தேவனுக்குக் கணக்குக் குடுக்க வேணும்" என்றார். அப்போது பின்வரிசையில் ஒரு அன்ரி மெல்ல எழும்பினார்.

"பாஸ்டர், அந்தச் சாட்சியைக் கேட்டு நானும் பிரஷர் குளிசையை நிப்பாட்டினனான். திரும்பப் போடட்டோ?"

"ஓம் அன்ரி. இண்டைக்கே போடுங்கோ."

ஆண்டவர் கணக்குக் கேட்டுவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அன்ரிக்காகத்தான் முதல் முதலாக நன்றி சொன்னேன். காலுக்காக இன்னும் அழுகிறேன். உங்கள் மேய்ப்பரைக் கேள்வி கேட்கப் பயப்படாதீர்கள். அவரையும் கேட்கிற ஒருவர் இருக்கிறார், அவரை நம்புங்கள்.

இப்போது தினமும் காலையில் நான் ஜெபித்துவிட்டு என் கணவருக்கு ஊசியைப் போடுகிறேன். அவர் ஆமென் சொல்கிறார்.