அப்பா பொம்மைக்குச் சேலை

அந்த ஆண் மரப்பாச்சி ஒரு நாள் சேலை கட்டிக்கொண்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? ஜெர்சி சிட்டியில் எங்கள் எதிர் வீட்டில் இருக்கும் ஜப்பான்காரி கேட்டது.

அவள் ஆர்ட்டிஸ்ட். செய்வதெல்லாம் போட்டோ. கோட்டு போட்டு, மீசை ஒட்டிக்கொண்டு, அவளே அப்பாவாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஏப்ரன் கட்டிய ஒருவன் காபித் தட்டோடு நிற்பான். அப்பா, அம்மா என்பதெல்லாம் நாம் போட்டுக்கொள்ளும் வேஷம்தான் என்பாள். கல்யாணமே ஆகாதவள் எனக்குக் குடும்பம் சொல்லித்தருகிறாளே என்று எரிச்சல் வரும். ஆனாலும் போன வருடம் கொலுவுக்கு அழைத்தேன். எதிர் வீட்டை எப்படி விடுவது?

நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, அவளும் என் நான்கு வயது மகளும் சேர்ந்து, கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடிக்கு உடை மாற்றிவிட்டார்கள். அப்பா பொம்மைக்குச் சேலை, அம்மா பொம்மைக்கு வேட்டி.

தாம்பூலத்துக்கு வந்த ஆன்ட்டி ஒருவர்தான் முதலில் பார்த்தார்.

"உங்க வீட்ல யாரு சமையல்னு பொம்மையே சொல்லுதே!"

என் கணவர் சிரிக்கவில்லை. "கெஸ்ட் முன்னாடி என்னை இன்சல்ட் பண்ணத்தான் இவளைக் கூப்பிட்டியா?" என்று என்னிடம் சீறிவிட்டு, வந்ததற்கு நன்றி என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பப் பார்த்தார்.

வாசல்வரை போய் நான்தான் சொன்னேன், இனி என் மகளோடு பேச வேண்டாம் என்று. அப்போதுதான் அந்தச் சேலைக் கேள்வியைக் கேட்டாள். கதவைச் சாத்தினேன்.

கொலுப்படியில் வைத்த பொம்மையைக் கடைசி நாள்வரை தொடக்கூடாது. சரிசெய்யத் தொடுவதும் தப்பா? அது தெரியாமலே கை நீட்டினேன். மகள் குறுக்கே வந்து நின்றாள். "நோ அம்மா! இட்ஸ் ஹிஸ் டர்ன்!" பிடுங்கித்தான் மாற்றினேன். அழுதுகொண்டே தூங்கிப்போனாள். அதன்பின் லிஃப்டில் எதிர் வீட்டுக்காரியைப் பார்த்தால் மகள் கையசைப்பாள். நான் அந்தக் கையைப் பிடித்து இழுப்பேன்.

மறுபடி கொலு வருகிறது. இந்தத் தடவை பொம்மைக்கு மகள்தான் உடுத்திவிடுவாளாம், எதிர் வீட்டு ஆன்ட்டியையும் கூப்பிட வேண்டுமாம். கணவரோ, "அவ வந்தா நான் ஆஃபீஸ்லயே இருந்துக்கறேன்" என்கிறார். மரப்பாச்சிகள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. பெண் குழந்தை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்: எதிர் வீட்டுக் கதவைத் தட்டட்டுமா? பெட்டியை மகள் கையில் கொடுத்துவிடட்டுமா?